செருப்பை மாட்டும்போது சொன்ன கணக்கு

அக்பர் அலி பாய் ஒரு நாளைக்கு நான்கு தோட்டத்துக்கு மேல் போனதில்லை. கேட்டால் வெயில் ஆகாது என்பார். உண்மையில் அவருக்கு ஆகாதது அவசரம். கோயமுத்தூர் சிங்காநல்லூரில் எங்கள் பம்ப் கம்பெனியில் அப்போதே இருபத்திரண்டு வருஷம் சர்வீஸ் மெக்கானிக்காக இருந்தவர், அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட ஓடிப்போய் பஸ் பிடித்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

வீடு கோட்டைமேட்டில். வாரத்தில் நான்கு நாள் காலையில் சிங்காநல்லூர் வந்து, வெள்ளகோவில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காங்கேயம் வரை தூங்குவார். வெள்ளகோவிலில் இறங்கி வாடகை சைக்கிள் எடுப்பார். தோளில் ஒரு ரெக்ஸின் பை. அதற்குள் டெஸ்டர், ஸ்பேனர், ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு சர்வீஸ் கார்டு. நல்ல தொந்தி. அந்தத் தொந்தியோடு அவர் சைக்கிளில் ஏறுவதைப் பார்த்தால் சைக்கிளுக்காக மனசு கஷ்டப்படும்.

நான் மோகன்குமார். புள்ளியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு 1993இல் அதே கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தேன். அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அது இருந்த அறையில் மட்டும் ஏ.சி. ஓடியது, செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முதலாளி சென்னகேசவன் அந்த அறைக்குள் வந்தால் குரலைத் தாழ்த்திப் பேசுவார். இருபத்து மூன்று வயதில் இவ்வளவு மரியாதை கிடைத்தால் எந்தப் பையனுக்கும் கொஞ்சம் புத்தி கெடும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே கெட்டது.

முதலாளி கொடுத்த வேலை இது. புது மாடல் மோட்டார் விற்பனைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றிய காயில் எரிகிறது என்று புகார். எதனால் எரிகிறது? கிணற்று ஆழமா, குறைந்த வோல்டேஜா, மோட்டாரே சரியில்லையா? கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் மோட்டார் ஒரு தடவை எரிந்ததோடு நிற்பதில்லை. காயில் கட்டி மாட்டினால் மறுபடியும் எரியும், மறுபடியும் கட்டலாம். சாவு மாதிரி ஒரே தடவையில் முடிகிற காரியமென்றால் கணக்கு சுலபம். இது தலைவலி மாதிரி, மாமியார் மருமகள் சண்டை மாதிரி, திரும்பத் திரும்ப வருவது. எரிகிற நேரத்தில் நாம் பக்கத்திலும் இருப்பதில்லை. மெக்கானிக் போகிற அன்றைக்குத்தான், போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் எத்தனை முறை எரிந்தது என்று தெரியும். எந்தத் தேதியில் என்று தெரியாது. ஒரு தோட்டத்துக்கு இருபத்தைந்து நாளில் போயிருப்பார்கள், இன்னொன்றுக்கு அறுபது நாள் ஆகியிருக்கும்.

இப்படி அங்கங்கே எட்டிப் பார்த்த எண்ணிக்கைகளை வைத்துக்கொண்டு, எந்தக் காரணம் எரிவதை எத்தனை மடங்கு கூட்டுகிறது என்று கணக்கிடும் ரெக்ரெஷன் முறை ஒன்று உண்டு. வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்த கட்டுரையின் ஜெராக்ஸ் என்னிடம் இருந்தது. அதன் மூன்றாம் பக்கத்தில், பார்ப்பவர் எப்போது எப்படிப் பார்க்கிறார் என்பதற்கும் சம்பவம் நடப்பதற்கும் சம்பந்தமில்லை என்று வைத்துக்கொள்வோம் என்று ஒரு வரி இருந்தது. 'வைத்துக்கொள்வோம்' என்பது எங்கள் தொழிலில் சாமி கும்பிடுவது மாதிரி. கும்பிட்டுவிட்டால் பிறகு எதைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். நானும் கும்பிட்டேன்.

கம்பெனியில் சர்வீஸ் மெக்கானிக்குகள் இரண்டு பேர். வெள்ளகோவிலுக்குக் கிழக்கே உள்ள தோட்டங்கள் அக்பர் அலிக்கு, மேற்கே உள்ளவை நரசிம்மலுவுக்கு. ஆழம், வோல்டேஜ், மாடல் எல்லாவற்றையும் போட்டு, சும்மா ஒரு அழகுக்கு மெக்கானிக் யார் என்பதையும் ஒரு கட்டமாகச் சேர்த்தேன். கம்ப்யூட்டர் ராத்திரி முழுக்க முனகி, காலையில் விடை சொன்னது. ஆழம் ஒன்றும் செய்யவில்லை. வோல்டேஜ் கொஞ்சம் செய்தது. அக்பர் அலி பார்க்கும் மோட்டார்கள் மட்டும், மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருந்தாலும், 2.3 மடங்கு அதிகமாக எரிந்தன.

இந்த எண்ணைக் கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்தேன். என்ன அர்த்தம் என்று அவர் கேட்கவில்லை, அவருக்கே புரிந்துவிட்டது. கியாரண்டி காலத்தில் காயில் எரிந்தால் கட்டுவதற்கான செம்புக் கம்பியைக் கம்பெனி இலவசமாகத் தரும். விவசாயி பயிர் வாடுமே என்று கம்பெனிக்காகக் காத்திருக்க மாட்டார், அன்றைக்கே பக்கத்து வைண்டிங் கடையில் கட்டிவிடுவார். மெக்கானிக் பிறகு போய் எண்ணிக்கையைக் கார்டில் எழுதி, அத்தனைக்கும் கம்பி வாங்கிப்போய்க் கடையில் கொடுப்பார். இப்போது முதலாளியின் கணக்கைப் பாருங்கள். எரியாத மோட்டாரை எரிந்ததாக எழுதினால் கம்பி மிச்சம், மிச்சக் கம்பி எங்கே போயிருக்கும்?

அக்பர் அலியைக் கூப்பிட்டுவிட்டார்கள். நானும் அங்கே நின்றேன், கையில் அந்தப் பேப்பரோடு. திருட்டு என்ற வார்த்தையை முதலாளி சொல்லவில்லை. கோயமுத்தூர்க்காரர் அல்லவா, மரியாதையாகத்தான் பேசினார். கம்ப்யூட்டர் இப்படிச் சொல்லுதுங்களே பாய், ஒரு மாசத்துக்குள்ள விளக்கம் குடுத்துட்டீங்கன்னா நல்லதுங்க, இல்லாட்டி நீங்களே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிருங்க என்றார். அக்பர் அலி அந்தப் பேப்பரை வாங்கிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். நேராகப் பிடித்திருந்தாலும் ஒன்றும் பெரிதாக விளங்கியிருக்காது.

"இருவத்திரண்டு வருசத்துல ஒரு நட்டுகூட ஊட்டுக்குக் கொண்டு போனதில்லீங்க," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "கணக்குப் போட்ட தம்பி ஒருக்கா ஏங்கூட வந்து பாக்கட்டுங்க. அதுக்கப்பறம் என்ன சொன்னாலும் சரிங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை மறைக்க, விஞ்ஞான முறைப்படி இரண்டு மெக்கானிக்குகளோடும் போய்ப் பார்க்கிறேன் என்று அறிவித்தேன்.

முதலில் நரசிம்மலு. அவர் மொபெட்டில் போகிறவர். பின்னால் நான் உட்கார்ந்தேன். ஒரே நாளில் பதினான்கு தோட்டம் முடித்தார். ரோட்டிலேயே வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், மோட்டார் நல்லா ஓடுதுங்களா என்று குரல் கொடுப்பார். தூரத்தில் பாத்தி கட்டிக்கொண்டிருப்பவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, ஓடுதுங்க, வாங்க, தண்ணி குடிச்சுட்டுப் போலாமுங்க என்பார். இருக்கட்டுங்க என்று சொல்லிவிட்டு நரசிம்மலு கார்டில் ஒரு பூஜ்யம் போடுவார். நல்ல உருண்டையான பூஜ்யம். பதினான்கு தோட்டத்தில் பன்னிரண்டு பூஜ்யம். எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு வந்தது, இப்படிச் சுறுசுறுப்பான ஆளை நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் அக்பர் அலி. முதல் தோட்டத்துக்குப் போய்ச் சேரவே பத்தரை ஆகிவிட்டது. அது காளிச்சாமிக் கவுண்டர் தோட்டம். கவுண்டர் வயலில் இருந்தார், அவர் மனைவி சின்னாத்தாள் வரவேற்றார். பாய் வாங்க, தம்பி ஆருங்க, எந்த ஊரு, கல்யாணம் ஆயிருச்சுங்களா என்று விசாரணை. பாயின் மகளுக்குப் பிரசவம் ஆன விவரம், மாடு கன்று போட்ட விவரம், மழை பெய்யாத விவரம். மோட்டார் என்ற வார்த்தையே வரவில்லை. பாயும் கேட்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு வாழை இலை போட்டார்கள். அரிசிம்பருப்பு சாதம், மேலே குழிபறித்து நெய், பக்கத்தில் கத்திரிக்காய். பாய்க்குக் கோழி அடிக்க வேண்டுமென்று சின்னாத்தாளுக்கு ஆசைதானாம். ஆனால் பாயே அறுத்துக் கொடுத்தால்தான் பாய் சாப்பிடுவார், அதற்கு நேரம் பத்தாது என்று பருப்போடு நிறுத்திக்கொண்டார்களாம். மூன்றாம் தடவை சோறு போடும்போது நான் போதும் என்றேன். அக்பர் அலி என்னை அனுதாபமாகப் பார்த்தார்.

சாப்பிட்டு முடித்து, கை கழுவி, வெற்றிலை போட்டு, வாரேனுங்க அக்கா என்று பாய் எழுந்தார். வாசலில் ஒரு செருப்பை மாட்டிவிட்டு இன்னொன்றைக் காலால் தேடிக்கொண்டிருந்தபோது சின்னாத்தாள் பின்னாலிருந்து சொன்னார்.

"ஏனுங்க பாய், சொல்ல மறந்தே போட்டேன் பாருங்க. அந்த மோட்டாரு மூணு தடவ புகைஞ்சு போச்சுங்க."

அக்பர் அலி திரும்பாமலே பையிலிருந்து கார்டை எடுத்து 3 என்று எழுதினார். பிறகு செருப்பை மறுபடியும் கழற்றிவிட்டுக் கிணற்றுப் பக்கம் போனார். மூன்று தடவை மோட்டார் எரிந்ததை ஒரு பெண்பிள்ளை மறப்பாரா? வந்ததும் ஏன் சொல்லவில்லை என்று சின்னாத்தாளிடமே கேட்டுவிட்டேன். அவர் என்னை, தாய் தகப்பன் சரியாக வளர்க்காத பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"ஊட்டுக்கு வந்தவங்ககிட்ட வந்ததும் வராததுமா கொறை சொல்றதுங்களா கண்ணு? ஒரு வாய் சாப்பிட்டப்பறம் சொல்லிக்கலாமுங்க."

அன்றைக்கு நான்கு தோட்டம். நான்கிலும் கதை இதேதான். இலை, வெற்றிலை, செருப்பு, அதற்கப்புறம் எண்ணிக்கை. நான்காவது தோட்டத்தில் எனக்கு மூச்சு முட்டியது. ஆனால் மூச்சு முட்டியதற்குக் காரணம் சோறு மட்டுமில்லை. நரசிம்மலுவின் அந்த உருண்டையான பூஜ்யங்கள் ஞாபகம் வந்தன. தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து, ஓடுதுங்க என்று சொன்ன அத்தனை பேரும் அவருக்குச் சோறு போட வாய்ப்பில்லாமல் போனவர்கள்.

சரி, இதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது? சாப்பிட்டால்தான் புகார் வரும் என்றால், பாய்க்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைப்பார். சாட்சி வேண்டும். அதைக் காட்டியதும் அக்பர் அலிதான், அன்றைக்குக் கிணற்றில் இறங்கி மோட்டாரைத் துடைத்தபோது, காட்டுகிறோம் என்று தெரியாமலே. வைண்டிங் கடைக்காரர்கள் காயில் கட்டிக் கொடுக்கும்போதெல்லாம் மோட்டாரின் முதுகில் பச்சைப் பெயின்டில் தேதி எழுதுவார்கள், நாளைக்குச் சண்டை வந்தால் காட்டுவதற்கு. காளிச்சாமி மோட்டாரில் மூன்று புதுத் தேதி இருந்தது. நாம் எட்டிப் பார்க்காத நேரத்தில் நடந்ததெல்லாம் மோட்டார் முதுகிலேயே எழுதியிருக்கிறது, நான் ஏ.சி. அறையில் உட்கார்ந்து மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த பத்து நாள் நான் கிணறு கிணறாக இறங்கினேன். மோட்டார்கள் கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் மேடை கட்டி வைத்தவை. கைப்பிடி இல்லாத கல்படி. எம்.எஸ்சி. படிப்பில் இதற்குப் பயிற்சி கிடையாது, ஒவ்வொரு படியையும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன். நரசிம்மலு பக்கம் பதினொரு மோட்டார் பார்த்தேன். கார்டுகளில் மொத்தம் எட்டு, முதுகுகளில் பத்தொன்பது. மிச்சத்துக்கெல்லாம் கம்பிக் காசை விவசாயிகளே கொடுத்திருந்தார்கள். அக்பர் அலி பக்கம் பன்னிரண்டு மோட்டார். கார்டுகளில் இருபத்தொன்று, முதுகுகளில் இருபத்திரண்டு. விட்டுப்போன அந்த ஒன்று எது என்று பாயிடம் கேட்டேன். தேதியைப் பார்த்துவிட்டு அவர் யோசித்தார். அதற்கடுத்து அந்தத் தோட்டத்துக்குப் போனது ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று சாப்பிடாமல் கிளம்பிவிட்டாராம்.

ஆக, பாய் எழுதியதுதான் உண்மை. மோட்டார்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் எரிந்தன, நிறையவே எரிந்தன. முதலாளி என் புதுப் பேப்பரை இரண்டு தடவை படித்தார். திருடன் இல்லை என்பது அவருக்குச் சந்தோஷம்தான், ஆனால் திருடன் இல்லையென்றால் மோட்டார் மோசம் என்று ஆகிறதே. பிறகு காயிலுக்குப் பூசும் வார்னிஷை மாற்றினார்கள், எரிவது குறைந்தது. முதலாளி அக்பர் அலியைக் கூப்பிட்டு மன்னிப்புக்குப் பதிலாகக் கம்பெனி டைரி ஒன்றைக் கொடுத்தார். அது போன வருஷத்து டைரி.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நல்ல பேர். ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. குறையைத் திருத்த வேண்டாமா? எல்லாத் தோட்டத்துக்கும் ஒரு தபால் கார்டு அச்சடித்து அனுப்பினேன். கம்பெனி மெக்கானிக் வந்தவுடன், வேறு எதுவும் பேசுவதற்கு முன்பாக, மோட்டார் எத்தனை முறை எரிந்தது என்பதைத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது. கீழே முதலாளி கையெழுத்து. விஞ்ஞானம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கார்டு வேலை செய்தது. நரசிம்மலுவின் பூஜ்யங்கள் உடைந்தன. இரண்டு பக்கத்து எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாயின. அக்பர் அலி மட்டும் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துக்கொண்டு வந்தார். சாயங்காலம் ஐந்துக்கு வருபவர் மூன்றுக்கே வந்துவிட்டார். ஒரு நாள் ஏ.சி. அறைக்கு வெளியே நின்று, உள்ளே வரச் சொல்லியும் வராமல் சொன்னார்.

"வாசல்லயே நிறுத்தி, ரெண்டு தடவைங்கன்னு சொல்லிப்போட்டு ஊட்டுக்குள்ள போயிர்றாங்க தம்பி. கொறை சொன்ன வாயால சாப்பிடக் கூப்பிட அவங்களுக்குக் கூச்சமா இருக்குதுங்க. கரண்டு ரீடிங் எடுக்கறவனாட்ட ஆக்கிப்போட்டீங்க என்னைய."

திருடன் என்று சொன்னபோது கூட அவர் முகம் இப்படிப் போகவில்லை. கணக்கு சரியாக வருகிறது பாய் என்றேன். அதைவிட மட்டமான பதிலை இன்றுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை.

தை மாசம் மறுபடியும் அவரோடு போனேன். காளிச்சாமி தோட்டம். சின்னாத்தாள் வாசலில் நின்று, தபால் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது மாதிரி, மோட்டார் ரெண்டு முறைங்க என்றார். பாய் 2 என்று எழுதினார். மோட்டாரைப் பார்த்தார். அதற்குப் பிறகு கிணற்றோரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். தக்காளி சோறு. வீட்டில் கட்டிக் கொடுத்தது. எனக்கும் மூடியில் கொஞ்சம் வைத்தார். இரண்டு வாய் சாப்பிட்டிருப்போம், சின்னாத்தாள் வந்து நின்றார். அவர் கண் டப்பாவின் மேல் இருந்தது.

"எங்க தோட்டத்துல உக்காந்து டப்பாச் சோறு திங்கறீங்களா பாய்? அப்படி என்ன தப்புப் பண்ணிப்போட்டோமுங்க நாங்க?"

கம்பெனிக் காயிதத்துல போட்டிருக்குதேன்னு சொன்னேனுங்க, அதுக்காக இப்படிப் பண்ணுவீங்களா என்று சொல்லிக்கொண்டே டப்பாவைப் பாயின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் பின்னாலேயே போனோம். அரிசிம்பருப்பு ஆறிப்போயிருந்தது. அவசரமாகச் சூடு பண்ணியதில் அடியும் பிடித்திருந்தது. அக்பர் அலி நான்கு தடவை வாங்கிச் சாப்பிட்டார். நானும் போதும் என்று சொல்லவில்லை.

வாசலில் செருப்பு. ஒன்றை மாட்டிவிட்டார்.

"ஏனுங்க பாய்," என்றார் சின்னாத்தாள், உள்ளே கவுண்டர் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாக. "ரெண்டு இல்லீங்க, மூணு. வோல்டேஜ் பத்தாம ஸ்டார்ட்டரு தட்டித் தட்டி மோட்டார நிறுத்திப்போடுதுன்னு, தட்டாம இருக்க அதுல குச்சிய வெச்சுக் கட்டிப்போட்டாருங்க இவரு. அதுல எரிஞ்சதுங்க. ஊரு பூரா சிரிக்குமேன்னு கடைக்காரருகிட்டயும் தேதி எழுத வேண்டாமுன்னு சொல்லிப்போட்டாருங்க, நானும் சொல்லலீங்க."

அக்பர் அலி கார்டை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் பார்த்தது எனக்குப் புரிந்தது. இந்த ஒன்றை எழுதினால், இனி ஒவ்வொரு தோட்டத்திலும் இப்படி ஒன்றொன்று கூடும். அவர் பக்கத்து எண் மறுபடியும் ஏறும், நரசிம்மலுவின் எண் அப்படியே நிற்கும். கம்ப்யூட்டர் மறுபடியும் அவரைக் காட்டிக் கொடுக்கும். நானே வாயைத் திறந்தேன். பாய், வாசலில் சொன்னதை மட்டும் எழுதினால் போதும், தபால் கார்டில் அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

அவர் 2ஐ அடித்துவிட்டு 3 என்று எழுதினார்.

"உங்க கணக்குக்கு எது வேணுமோ அத நீங்க எடுத்துக்கங்க தம்பி. நம்பிச் சொன்னத எழுதாமப் போனா, அப்பறம் அந்தச் சோத்துக்கு நான் ஆருங்க?"

அந்த வாரமே புது சர்வீஸ் கார்டு அச்சடிக்கக் கொடுத்தேன். தேதி, வோல்டேஜ், எண்ணிக்கை, இவற்றோடு கடைசியில் சின்னதாக ஒரு கட்டம்: சாப்பாடு, ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. இது எதற்கு என்று முதலாளி கேட்டார். இதைச் சேர்த்தால்தான் ரெக்ரெஷன் சரியாக வரும் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, சரிங்க என்று கையெழுத்துப் போட்டார்.

உண்மையிலேயே வந்தது. அந்தக் கட்டத்தைச் சேர்த்ததும் இரண்டு மெக்கானிக்குகளுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் ஒன்றுமில்லாமல் போயிற்று. தபால் கார்டு விதியை நான் ரத்து செய்தேன். நரசிம்மலு பழையபடி பூஜ்யத்துக்கே திரும்பிவிட்டார், இப்போது ஒரே கார்டில் இரண்டு பூஜ்யம், எண்ணிக்கைக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று. அக்பர் அலி 1998இல் ஓய்வு பெற்றபோது அவருடைய கார்டுகளை எல்லாம் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். கடைசிக் கட்டத்தில் 1, 1, 1 என்று போய்க்கொண்டே இருக்கும். இடையில் அங்கங்கே ஒரு 0 வரும், தேதியைப் பார்த்தால் அது வெள்ளிக்கிழமையாக இருக்கும்.